வேற வக்கீல்

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறீங்களேண்ணே" என்றான் அருள்முருகன்.

குவைத்து மங்காஃபில் அந்த ரூமில் வெள்ளிக்கிழமை என்றால் பிரியாணியும் பஞ்சாயத்தும் கட்டாயம் உண்டு. இன்றைய பஞ்சாயத்து அம்மையப்பன் மேல்.

விஷயம் இதுதான். சைட்டில் சாரம் கட்டும் அம்மையப்பன், தேவகோட்டையில் ஒரு வீடு வாங்கப் போகிறார். அவருடைய ஒரே மகள் சங்கீதா அதே ஊர்க் கோர்ட்டில் வக்கீல். அவள் வக்கீலான அன்று மனுஷன் கேம்ப் முழுக்க லட்டு கொடுத்தார். ஃபோர்மேன் முதல் விசா கொடுத்த கஃபீல் வரை, "மை டாட்டர் அட்வகேட்" என்று அவர் சொல்லிக் கேட்காத ஆளே கிடையாது.

அப்பேர்ப்பட்டவர், வீட்டுப் பத்திரம் பார்க்க மட்டும் சேதுமாதவன் என்ற வேறு வக்கீலைப் பிடித்திருந்தார்.

"பெத்த பொண்ணு பாத்தா ஃபீஸாவது மிச்சமாகும்ல?" அருள்முருகன் விடவில்லை.

"ஃபீஸுக்குப் பாத்தா வீடு நிக்காது தம்பி."

"அந்தாளு ஏற்கெனவே ரெண்டு வீட்டத் தட்டிக் கழிச்சாச்சு. இதுக்கும் விக்கிறவரோட தங்கச்சி கையெழுத்து இல்லாம ஆகாதுன்னு உக்காந்திருக்காரு. என் மச்சானுக்குப் பாத்த வக்கீலு ஒரே நாள்ல ஓகே சொல்லிட்டாரு, தெரியுமா?"

"தெரியுமே. அந்த வீட்டுக்காகத்தான உன் மச்சான் இப்ப கோர்ட்டு வாசல்ல நிக்கிறான்?"

ரூமே சிரித்தது. அருள்முருகனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது.

"சரிண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இங்கருந்து ஊர்ல வீடு வாங்குறவன் என்ன செய்வான்? லீவு போட்டு எம்பசிக்குப் போயி, ஊர்ல இருக்க யாருக்காச்சும் பவர் எழுதிக் குடுப்பான். நீங்க எம்பசிப் பக்கமே போகல. அப்ப பத்திரத்துல யாரு கையெழுத்துப் போடுவா? அந்த சேதுமாதவனா?"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்குப்பா" என்று கோழியைக் கழுவப் போய்விட்டார் அம்மையப்பன்.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், பாடுபட்ட காசை எவனோ ஒரு வக்கீல் வாயில் போடப் போகிறார் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

அப்போது போன் அடித்தது. மகள்தான். கோழி கழுவிய ஈரக் கையோடு ஒரு விரலால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, கோர்ட்டுத் தெருவுல வீடு பாக்குறீங்களா?" சங்கீதாவின் குரல் சரியில்லை.

"யாரும்மா சொன்னா?"

"புரோக்கர் சொல்றாரு. ‘உங்கப்பாவே உங்கள நம்பாம வேற வக்கீல் வச்சிருக்காராமே’ன்னு எல்லாரு முன்னாடியும் கேக்குறாரு. நானே ஜெராக்ஸ் கடை ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்து கட்சிக்காரங்களப் பாக்குறேன். என்கிட்ட பேசிக்கிட்டிருந்த கட்சிக்காரம்மா, அதக் கேட்டதும் பேப்பரயெல்லாம் எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்கப்பா."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"பெத்த அப்பாவே வரலன்னா, எந்தக் கட்சிக்காரன்பா என்னைத் தேடி வருவான்?"

அம்மையப்பன் கையைத் துடைத்துக்கொண்டு செருமிக்கொண்டார்.

"காலையிலதான் சேதுமாதவன் சார் பேசுனாரும்மா. அந்தத் தங்கச்சிக்காரம்மாவும் விக்கிறதுக்குச் சம்மதிச்சு கையெழுத்துப் போட வர்றாங்களாம். மூலப்பத்திரத்துலருந்து எல்லாம் சுத்தமா இருக்கு, வில்லங்கம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுல பதிவு."

"சந்தோஷம்" என்றாள், சந்தோஷமே இல்லாமல்.

"நீயும் அம்மா கூடப் போகணும். கறுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டுப் போ."

"நான் எதுக்கு? சாட்சிக் கையெழுத்துப் போடவா?"

"வந்ததும் அந்த ஸ்டூல ஜெராக்ஸ் கடைக்காரர்ட்ட திருப்பிக் குடுத்துரு."

சங்கீதா உடைந்துவிட்டாள். "தொழிலையே விட்டுரச் சொல்றீங்களா? அந்த வீட்டுக்கு நான் வக்கீல் இல்ல. அப்புறம் எனக்கு எதுக்குப்பா கோட்டு?"

அருள்முருகனுக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, புள்ளைய அழ விடாதீங்க" என்று போனை வாங்க வந்தான். அம்மையப்பன் அவனைக் கையமர்த்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவன் லட்டு கொடுத்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

"பத்திரத்துக்குப் போட்டோ எடுப்பாங்களாம்ல, அதுல கோட்டோட இருக்கணும்மா நீ. கேஸ் கனெக்‌ஷன் மாத்தணும்னு அம்மா உன் ஆதார வாங்குனாள்ல, அது பொய்யி. ரெண்டு வீடு தட்டிப் போச்சு, இதாவது கூடட்டும் அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். ஊரான் கட்டடத்துக்கெல்லாம் சாரம் கட்டுனவன் நான். எம் பொண்ணு போர்டு மாட்ட ஒரு செவுரு வேணாமா? வாங்குறது நீதாம்மா. தன் வீட்டுக்குத் தானே ‘வில்லங்கம் இல்ல’ன்னு எழுதிக்கிட்டா, நாளைக்கு எவன் ஒத்துக்குவான்?"