வரிசையில் கடைசி ஆள்

மலைப்பாதையில் முதலில் தொப்பிதான் தெரிந்தது. தோள்வரை கவிழ்ந்த பெரிய மூங்கில் தொப்பி, அதற்குக் கீழே முகத்தை மறைத்துப் பிடித்த துணி, உடம்பில் சாயம் காணாத சணல் உடை. பெற்றவரைப் பறிகொடுத்த மகன் கொரியாவில் அப்படித்தான் நடமாடுவான். அவனை நிறுத்திப் பேர் கேட்கவோ முகம் பார்க்கவோ யாரும் துணிவதில்லை.

ஊர் ஜெபத்தை நடத்துகிற உபதேசியார் தொக்சூவுக்குக் கண் கலங்கிவிட்டது. “சாமியார் வந்துட்டாரு,” என்றார் மெதுவாக.

வெளிநாட்டுச் சாமியார்கள் துக்க உடையில்தான் வருவார்கள். அந்தத் தொப்பி இல்லாவிட்டால் நீட்டு மூக்கும் நீலக் கண்ணும் முதல் காவல் சாவடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இயேசுவைக் கும்பிட்டால் தலை போகிற காலம். போன மழைக்காலத்தில் அடுத்த மலையில் இதே மாதிரி ஒரு குயவர் ஊரே காலியானது. அங்கே இப்போது உடைந்த பானைகளும் சொந்தக்காரன் இல்லாத நாய்களும்தான்.

சூளைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த மன்சிக் நொண்டிக்கொண்டே வந்தான். சில வருஷங்களுக்கு முன் அரசாங்கச் சேவகர்கள் பிடித்துக் காலை முறித்தபோது, வலி தாங்காமல் இயேசுவை மறுதலித்துவிட்டு வந்தவன். அன்றிலிருந்து ஜெப நேரத்தில் அவன் வாசலுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கிவிட்டால் போதும், அப்புறம் சாவு வந்தாலும் சரி என்று காத்திருந்தான்.

“அண்ணே, இன்னிக்கு எனக்கும்...”

“உனக்குக் கடைசியிலதான். எல்லாரும் முடிச்சப்புறம் நேரமிருந்தா பாப்போம்.”

“நேரமில்லன்னா?”

“அடுத்த வருஷம். மறுதலிக்க மட்டும் அவசரப்பட்டே இல்ல? இதுக்குப் பொறு.”

மன்சிக் சிரித்தான். “வழியோரம் கூப்பாடு போட்ட அந்தக் குருடனையும் இப்படித்தான் சும்மா கெடன்னு அதட்டினாங்களாம். போன ஞாயித்துக்கிழமை நீங்கதானே நற்செய்தியில படிச்சீங்க. நான் வெளியில நின்னு கேட்டேன்.”

“எனக்கே குருடன் கதை சொல்றியா? போய் அடுப்பைப் பாரு.”

தொக்சூவுக்குத் தன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் விசுவாசியா வேவுக்காரனா என்று சொல்லிவிடுவாராம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் தொக்சூ வீட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தார். ஊரார் கைகால் கழுவி நல்ல துணி உடுத்தப் போய்விட்டதால், சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோகிற வேலை மன்சிக்கின் தலையில் விழுந்தது. பார்லிச் சோறு, முள்ளங்கிச் சாறு, கிம்ச்சி.

அன்று வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம்; விசுவாசிகள் யாரும் இறைச்சி தொடாத நாள். ஆனாலும் வெளியாள் யாராவது எட்டிப்பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதென்று விருந்தாளித் தட்டில் ஒரு கிண்ணம் கோழிக்கறியும் வைப்பது அந்த ஊர்ப் பழக்கம். எந்தச் சாமியாரும் அதைத் தொட்டதில்லை. மறுநாள் பிள்ளைகள் சண்டைபோட்டுத் தின்பார்கள்.

தட்டைத் திரும்ப எடுத்துவந்த மன்சிக், அதைத் தொக்சூவின் மனைவி சுன்னேயிடம் கொடுக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

சுன்னே தட்டைப் பிடுங்கிக் கிண்ணத்தைப் பார்த்தாள். எலும்புகள் மட்டும் கிடந்தன. “ஏங்க, கோழியக்கூட வைக்கலயே. அவ்வளவு பசி போல.”

“மலை மலையா ஒளிஞ்சு வந்த மனுஷன். பிரயாணத்துல விலக்கு உண்டு,” என்று தொக்சூ தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“அண்ணே, தனியா ஒரு வார்த்தை,” என்றான் மன்சிக், காதோடு.

“கடைசியிலன்னு சொன்னேனா இல்லையா?”

காற்று திரும்பி, சூளைப் புகை வாசலில் இறங்கியது. ஊரார் சத்தமில்லாமல் வந்து கூடினார்கள். ஜாடியின் அடியிலும் கூரை இடுக்கிலும் ஒளித்துவைத்திருந்த ஜெபமாலைகள் கைகளுக்கு வந்தன. கதவைத் திறந்ததும் உபதேசியார் முதலில் போய் முழந்தாளிடுவார், பின்னாலேயே மற்றவர்கள். கைக்குழந்தைக்காரிகள் முன்னால் நின்றார்கள்.

மன்சிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “என்னை முதல்ல விடுங்க, அண்ணே. கால்ல விழறேன்.”

“வெக்கமா இல்ல உனக்கு?” தொக்சூ பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். “இத்தனை பேரு சுத்தமா நிக்கிறாங்க. நீ முதல்லயா?”

“இவனுக்கு முன்வரிசை கேக்குது,” என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

மன்சிக் அதற்குமேல் கெஞ்சவில்லை. தொக்சூவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, நொண்டிக் காலோடு உள்ளே பாய்ந்து காகிதக் கதவைச் சாத்தித் தாழ்போட்டான்.

தொக்சூ அவமானத்தில் துடித்துப்போனார். கையில் ஜெபமாலையோடு எழுந்து, கதவைப் பிடுங்கி எறிகிற கோபத்தில் ஓடிவந்தார்.

உள்ளேயிருந்து மன்சிக்கின் குரல் கேட்டது. பாவசங்கீர்த்தனம் செய்கிறவனின் தாழ்ந்த குரலாக அது இல்லை. வாசலின் கடைசி மூலைவரை கேட்கும்படி உரக்கப் பேசினான்.

“சேவகர் ஐயா, இந்த ஊர்ல இயேசுவோட ஆளு நான் ஒருத்தன்தான். கட்டுங்க.”