புகை வாசம் அடித்த டீ

டீயில் புகை வாசம் அடித்ததுமே திட்ட அதிகாரி கிருபாசங்கர் டம்ளரைக் கீழே வைத்தார். டென்மார்க் இன்ஜினியர் லார்ஸ், வெளியே எரிந்துகொண்டிருந்த விறகடுப்பையே பார்த்தார். கோழி எருவில் கேஸ் எடுக்கும் கலனை அவர்கள் நாட்டு உதவியில்தான் இந்தப் பல்லடத்துப் பண்ணை வீட்டில் கட்டியிருந்தார்கள். இது சரியாக ஓடினால்தான் மற்ற பண்ணைகளுக்கும் உதவி வரும்.

"கேஸ் நின்னு போச்சுங்களா அம்மணி?" என்று பண்ணைக்காரி சாந்தாமணியிடம் மெதுவாகக் கேட்டார் கிருபாசங்கர்.

"இல்லீங்களே. சோறு, கொழம்பு எல்லாம் அதுலதானுங்க."

"அப்பறம் டீ மட்டும் எதுக்குங்க விறகுல?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நமக்குப் பரவால்லீங்க. அவ்வளவு தொலவுல இருந்து வந்தவருக்குக் கோழி எரு கேஸ்லயா டீ வெச்சுக் குடுக்கறது?"

கிருபாசங்கர் அதை இங்கிலீஷில் சொன்னார். லார்ஸ் சமையலறைக்குப் போய் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. திரும்பி வந்து சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?"

"அவரு ஊட்டுல பன்னி எரு கேஸ்லதான் சமையலாமுங்க. நீங்க அங்க வந்தா உங்களுக்கும் விறகு தேடணுமான்னு கேக்கறாருங்க."

சாந்தாமணி மூக்கைச் சுளித்தாள்.

"தேடியே வெக்கச் சொல்லுங்க."