கத்தரிப்பூ நிறத்தில் ஓர் அழைப்பிதழ்

"தீம் லவண்டர்," என்றார் நாகேஸ்வரி.

கிளிநொச்சி நகரத்து அச்சகம் ஒன்றில், காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்த அறையில், இது அரசாங்க அறிவித்தல் போல ஒலித்தது.

லவண்டர் என்பது நம்மூரில் கத்தரிப்பூ நிறம். ஆனால் கத்தரி என்று சொன்னால் கறிதான் ஞாபகம் வரும், தீம் வராது.

"அழைப்பிதழ் காட், பலகாரப் பெட்டி, தண்ணிப் போத்தலில ஒட்டுற ஸ்டிக்கர், மண்டப வாசலில வைக்கிற பேர்ப் பலகை, எல்லாம் ஒரே நிறம். காட்டில ஒரு கொத்துப் பூ. அதுக்குக் கீழ செந்தூரன், அனோஜா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?" என்றார் அவருடைய கணவர் யோகநாதன், அதாவது மாப்பிள்ளையின் தகப்பன்.

அவர் இளைப்பாறிய பாடசாலை அதிபர். சமாதான நீதவான். கமக்காரர் அமைப்பின் முன்னாள் தலைவர். கோயில் பரிபாலன சபையின் இந்நாள் பொருளாளர். இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் அச்சிட ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் இரண்டு சந்தர்ப்பங்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, பிள்ளையின் கலியாணம். மற்றதை அவரால் வாசிக்க முடியாது.

செந்தூரனோ ஒரே பிள்ளை.

"யோகநாதன் தம்பதிகளின் ஏக புத்திரன் எண்டு போடாமல் அதென்ன காட்? பிரிச்சுப் பாக்கிற சனம் பூக்கடைத் திறப்பு விழா எண்டெல்லோ நினைக்கும்!"

"இப்ப எல்லா இடமும் இப்பிடித்தானப்பா. பேரும் பட்டமும் பழைய காலம்."

கணினிக்கு முன்னால் இருந்த நிரோஜன் அதிபரிடம் படித்தவன். பிரம்பின் ஞாபகம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"சேர் சொல்லுற மாதிரியும் ஒண்டு செய்து பாப்பம், அன்ரி. வடிவா இருந்தா எடுங்கோ. பொம்பிளையின்ர தகப்பன்ர பேர் என்ன?"

எல்லோரும் கதிரை நுனியில் இருந்த சிவலட்சுமியைப் பார்த்தார்கள். பெண்ணின் தாய். அக்கராயனிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தார்.

"மாயாண்டிங்க," என்றார் அவர்.

மாயாண்டி என்பது இந்தப் பக்கத்தில் பெயர் மட்டுமல்ல, விலாசமும் கூட. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்பதை வேறு ஒரு சொல்லும் செலவழிக்காமல் சொல்லிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்த விஷயத்தில் காது மிகவும் கூர்மை. தாங்களும் வந்து குடியேறியவர்கள்தான் என்பது மட்டும் அந்தக் காதில் அவ்வளவாக விழுவதில்லை.

"மாயாண்டி... சரி. அதுக்கு முன்னால..."

"முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம்!" நாகேஸ்வரி வெட்டினார். "பேரே வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்? தீம் குழம்பிப் போகும்."

நிரோஜனின் விரல் அந்தரத்தில் நின்றது. சிவலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சம்பந்தி, உங்களுக்குச் சம்மதம்தானே?"

"நீங்க சொல்றபடியே செய்யுங்க, சம்பந்தி."

லவண்டர் வென்றது. அதன் பிறகு, பூக்கொத்தின் காம்பு வளைந்திருக்க வேண்டுமா நிமிர்ந்திருக்க வேண்டுமா என்று நெடுநேரம் ஆராய்ச்சி நடந்தது. பெற்ற தகப்பன்மாருக்கு இடமில்லாத காட்டில் பட்டு ரிப்பனுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

சிவலட்சுமியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, யோகநாதன் மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் செய்யாமல் நின்றார்.

"எனக்கு எல்லாம் விளங்குது," என்றார்.

"என்ன விளங்குது?"

"தீமும் இல்லை, மண்ணும் இல்லை. மாயாண்டி எண்ட பேரை உம்மட தமக்கை ஆக்கள் கண்டிடுவினம் எண்டு பயம். அதை மட்டும் வெட்டினா வடிவில்லை எண்டு என்ர பேரையும் சேத்து வெட்டினனீர். பெட்டையை எடுக்கலாம், தகப்பன்ர பேர் மட்டும் கசக்குதோ? மனிசரெல்லாம் சமம் எண்டு ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் படிப்பிச்சனான். வீட்டில படிப்பிக்க மறந்திட்டன்."

பேச்சில் குறை சொல்ல இடமில்லை. தன்னுடைய பட்டங்கள் வெட்டுப்பட்ட பிறகுதான் சமத்துவம் ஞாபகம் வந்தது என்பது வேறு விஷயம்.

நாகேஸ்வரி கோபப்படவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் போன திசையைப் பார்த்தார்.

"அந்தப் பேரைப் போட எனக்கென்னப்பா வெக்கம்? பேருக்கு முன்னால 'திரு' போடுறதோ, 'காலஞ்சென்ற' போடுறதோ எண்டுதான் நிரோஜன் கேக்க வெளிக்கிட்டவன்."

 யோகநாதனுக்கும் தெரிந்த கதைதான்.

"சண்டை முடிஞ்ச அண்டைக்கு, ஆமியிட்டப் போய்ச் சரணடையுங்கோ எண்டு அவாதான் புருசனை அனுப்பிவைச்சவா. இண்டு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. நெத்தியில குங்குமத்தோட வந்திருக்கிற மனிசியை, 'காலஞ்சென்ற' எண்டு தன்ர வாயால சொல்ல வைக்கிறதோ? 'திரு' எண்டு போட்டா, மண்டபத்துக்கு வாற சனம் முழுக்க, 'எங்க தகப்பன்?' எண்டு தேடும். எங்கட பக்கமும் வெறுமையா இருந்தா, அவையின்ர பக்கம் வெறுமையாத் தெரியாதப்பா."