இறங்க இசையில்லாத மேகம்

துணியில் செய்து வெள்ளையடித்த மேகம், வியன்னா புறநகர் நாடக அரங்கின் மேடைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் தொங்குகிறது. அதன் பலகையில் உட்கார்ந்திருக்கும் பாடகி ஒட்டிலி கீழே பார்க்காமல் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். கூரை ஜன்னல் வழியே காலை வெயில் அவள் முழங்காலில் விழுகிறது. நாளை அரங்கேறும் ஓபராவை நான்கு பேர் பங்கு போட்டு எழுதியிருக்கிறார்கள். ப்ரெண்ட்னரின் பங்கு, அவள் மேகத்தில் ஏறித் தனியாகப் பாடுவதோடு முடிகிறது. அடுத்து வைதிங்கரின் பங்கு, அவள் தோட்டத்தில் தூங்குவதில் தொடங்குகிறது. நடுவே அவள் இறங்குவதற்கு யாருமே இசை எழுதவில்லை. “ஏத்தினது நீதானே? நீயே எறக்கு,” என்கிறார் வைதிங்கர். “என் பங்கு முடிஞ்சுதுய்யா. தோட்டம் உன்னோடது,” என்கிறார் ப்ரெண்ட்னர். “இசை இல்லாம எறக்கினா கப்பி கத்தும், சனம் சிரிக்கும்,” என்கிறான் கயிறு இழுக்கும் லோரென்ஸ். “அம்மா, மேல காத்து நல்லா வருதா?” என்று அவளைப் பார்த்துக் கேட்கிறான். வயலின்காரர்கள் சிரிக்கிறார்கள். “அப்ப பாட்டையே எடுத்துருவோம். அவ ஏறவே வேணாம்,” என்கிறார் வைதிங்கர். ப்ரெண்ட்னர் மறுக்காமல் தாளை மடிக்கிறார். ஆறு வருடம் கூட்டத்தோடு நின்று பாடியவளுக்கு, அவள் குரலுக்கென்றே அளவெடுத்து எழுதிய முதல் பாட்டு அது. லோரென்ஸ் கயிற்றைத் தளர்த்துகிறான். மேகம் ஒரு சாண் இறங்கி ஆடுகிறது. “நிறுத்துங்கண்ணே!” ஒட்டிலியின் குரல் உடைகிறது. “தோட்டத்தைக் கீழ வச்சுக்கோங்க. நான் இங்கயே தூங்குறேன்.” “ஒரு மணி நேரம் தொங்கணும்மா,” என்கிறான் லோரென்ஸ். “தெரியும். பாட்டை எடுக்காதீங்க.” ப்ரெண்ட்னர் தாளை விரிக்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் சுரத்தை எடுக்கிறாள். லோரென்ஸ் கயிற்றை முளையில் இன்னொரு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டுகிறான்.