டீச்சரின் இருமல்

"இவிடெ எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே ரூல்தான். ஹெட்போன் ஒண்ணும் பற்றில்ல, போடக்கூடாது." சொல்லி முடித்ததும் ஒரு சின்ன இருமல்.

அந்த இருமலைக் கேட்டாலே பாக்கியலக்ஷ்மிக்கு வியர்த்துவிடும். மட்டாஞ்சேரி பஜாரில் காய்கறி வண்டிக்குப் பின்னால் நின்றால் அவள் வாய்க்கு முன்னால் ஒருத்தரும் நிற்க முடியாது. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ் சுமா டீச்சர் என்றால் மட்டும் அந்த நாக்கு எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு தடவையும், "சரிங்க டீச்சரே" என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டாள். அப்படியே எழுந்துகொண்டிருந்தால் ரோஜாவின் படிப்பு அவ்வளவுதான்.

"டீச்சரே, எம் பொண்ணுக்கு ஆட்டிசம். அது அடம் இல்லீங்க. பெல் அடிச்சா அவளால தாங்க முடியல, பெஞ்சுக்கு அடியில போய் உக்காந்துக்கறா. இப்பெல்லாம் காலையில பேக்கையே தொட மாட்டேங்கறா."

"வேறெ ஏதெங்கிலும் ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்க்கலாமே?"

எதிரே நாற்காலியில் இருந்த மூக்குக்கண்ணாடி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்து மறுபடியும் இருமியது.

"எதுக்குங்க? நல்லாத்தான் எழுதறா, படிக்கறா. மலையாளம் என்னைவிட நல்லாவே வாசிக்கறா. அந்த ஹெட்போன் மட்டும் காதுல இருந்தாப் போதும்."

"ஒரு குட்டிக்குக் கொடுத்தா எல்லாக் குட்டிகளும் கேட்கும்."

"அதெப்படிங்க? நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க. அதைப் பாத்து எனக்கும் ஒண்ணு வேணும்னு நான் கேட்டேனா?"

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பஜாரில் பேசுகிற வாய் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்துவிட்டது.

"இவிடெ எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே ரூல்தான்." அதே வார்த்தைகள், அதே இருமல்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைப் பக்கம் குக்கர் விசிலடித்தது. மூக்குக்கண்ணாடி முகத்தைச் சுளித்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டது.

பாக்கியலக்ஷ்மி விடுவாளா?

"பாத்தீங்களா, ஒரு விசிலுக்கே உங்களுக்கு இந்தப் பாடு. ரோஜாவுக்கு அந்தப் பெல்லு பத்து குக்கர் ஒண்ணா கத்தற மாதிரி. எம் பொண்ணு வீட்டுல உக்கார்றதுக்கு நான் இனிமே தலையாட்ட மாட்டேன், டீச்சரே. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கவும் மாட்டேன்."

கடைசியில் குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

மூக்குக்கண்ணாடி காதிலிருந்து கைகளை எடுத்தது.

"சரி. ரோஜா ஹெட்போன் போட்டுட்டே வரட்டும்."

இந்தத் தடவை இருமல் வரவில்லை. பாக்கியலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள் ரோஜா.

"அம்மா, நாளைக்கு டீச்சர்கிட்டயும் இப்படியே பேசு. அந்த 'சரி' மட்டும் டீச்சர் சொன்னதில்ல, நான் சொன்னது."