நீட்டிய நூல்

காலை வெயில் கட்டில்வரை வந்துவிட்டது. நேற்று அறுவைச் சிகிச்சை முடிந்த சிறுமியின் வயிற்றுக் கட்டை நர்ஸ் மெல்லப் பிரிக்கிறார். யார் தைத்ததிலும் நொட்டை சொல்லும் தையல்காரர், மகள் வயிற்றில் போட்டிருக்கும் தையலைக் குனிந்து பார்க்கிறார். அத்தனையும் ஒரே சீர். கடைசி முடிச்சில் மட்டும் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப்பையில் கத்தரியைத் தேடுகிறது. “ஐயோ, வெட்டிடாதீங்க! தையல் பிரிக்கறப்ப பிடிச்சுக்கத்தான் விட்டிருக்காங்க,” என்று நர்ஸ் பதறுகிறார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் நீர் தளும்புகிறது. “கோணலா இருக்காப்பா?” என்கிறாள் மகள். அவர் இல்லையென்று தலையை ஆட்டுகிறார். அந்தத் தையலைப் போட்ட டாக்டர் உள்ளே வருகிறார். தையல்காரர் சட்டென்று எழுந்து, நேற்று கடையிலிருந்து ஓடிவந்ததிலிருந்து கழுத்திலேயே கிடக்கும் அளவு நாடாவை, பெரியவர்கள் முன் தோள்துண்டை எடுப்பதுபோல் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.