கடைசி பெஞ்சுக்காரர்

பலகையில் எழுதிய சொல்லை எழுதிய சூட்டோடு அழித்தாள் ராத்மிலா. துடைப்பானைத் தேடக்கூடப் பொறுமையில்லை, சட்டைக் கையாலேயே தேய்த்தாள். 'நிலக்கரி' போய் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சியது.

கடைசி பெஞ்சில் இருந்தவர் அதைப் பார்த்தாரா? தெரியவில்லை. நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுரங்க நிறுவனத்தின் ஆள். பெல்கிரேடிலிருந்து வந்திருந்தார்.

"உன் வகுப்புலதான் உட்காரணும்னு கேட்டிருக்கார்மா," என்று காலையிலேயே கையைப் பிசைந்தார் தலைமையாசிரியர் ஸ்வெத்தோசர். "போன வாரம் பசங்ககிட்ட புகையைப் பத்தி ஏதோ சொன்னியாமே, அது அவங்க காதுக்குப் போயிருக்கும். குளிருக்கு நாம எரிக்கிறது அவங்க குடுக்கிற கரி. பஸ் அவங்களோடது. உன் வீட்டுக்காரர் வேலையும் அங்கதான். பார்த்துப் பேசு. அவங்க கையை விரிச்சுட்டா பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்."

இன்றைய பாடமோ பருவநிலை மாற்றம். எதைத் தொடாமல் அதை நடத்துவது?

"பூமி சூடாகிட்டே போகுது. அதனால மழை காலம் தப்புது. பெஞ்சா ஒரேயடியா கொட்டுது," என்று தொடங்கினாள்.

"ஏன் டீச்சர் சூடாகுது?" ரஸ்த்கோ கேட்டான். அவன் அப்பா சுரங்கத்தில் மண்வாரி எந்திரம் ஓட்டுகிறவர்.

"பல காரணம் இருக்குப்பா. காத்துல சில வாயுக்கள் அதிகமாயிடுச்சு."

பின்னாலிருந்து டொக் டொக்கென்று சத்தம். வந்தவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. எச்சரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நெவேனா எழுந்தாள். "டீச்சர், வெளியில இப்படிக் கொட்டுதே, எங்க கிணத்துல மட்டும் ஏன் பொட்டுத் தண்ணியில்ல? சுரங்கத்துல ராப்பகலா பம்பு போட்டு இறைக்கிறாங்களே, அதனாலன்னு அப்பா சொல்றார்."

திறந்தவெளிச் சுரங்கத்தின் பள்ளம் ஆழமாக ஆழமாக, சுற்றியுள்ள கிணற்று நீரெல்லாம் அதை நோக்கி எப்படி இறங்கும் என்று படம் போட்டே காட்டியிருக்கலாம். முந்தைய வருடங்களில் காட்டியும் இருக்கிறாள்.

"கிணறு ஆழம் போதாம இருக்கும்," என்றாள் இப்போது.

"அந்த வாயு எங்கேருந்து டீச்சர் வருது?" ரஸ்த்கோ விடுவதாக இல்லை.

ஜன்னலுக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மழையிலும் புகைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது தெரியும். ராத்மிலா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"மாடு," என்றாள். "மாடு ஏப்பம் விடுதில்ல? அந்த வாயு பூமியைச் சூடாக்கும்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எல்லோரும் மாட்டை விற்றுவிட்டுச் சுரங்க வேலைக்குப் போன ஊர் அது. நெவேனா வீட்டுத் தொழுவத்தில் மட்டும்தான் மாடுகள் மிச்சம்.

"அப்போ இவ வீட்டு மாடுங்கதான் உலகத்தையே வேக வைக்குதா!" ரஸ்த்கோ துள்ளினான். "ஏய் நெவேனா, போய் முதல்ல அதுங்க வாயைக் கட்டு!"

நெவேனாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்க மாடாலயா டீச்சர்?"

'இல்லைம்மா' என்று ஒரு சொல் போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் கடைசி பெஞ்சுக்காரர் எழுந்து ஜன்னலருகே போனார். சட்டத்தின் விரிசலில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார். குளிரில் நடுங்கும் கிட்டத்தட்ட முப்பது பிள்ளைகளும், பூட்டிய வாசலும் அவள் கண்முன் வந்து போயின.

"அதுவும் ஒரு காரணம்தான். உட்காரு."

நெவேனா உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை. மற்றவர்கள் கூச்சலோடு ஓட, அவள் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ராத்மிலாவைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனாள்.

அறையில் இருவர்தான் மிச்சம். ராத்மிலா கைகளைக் கோத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"பாடத்துல எதுவும் தப்பா சொல்லிடலையே சார்? போன வாரம் சொன்னதையும் நாளைக்கே திருத்திடறேன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம பார்த்துக்கங்க."

அவர் சங்கடத்தோடு நெளிந்தார்.

"பாடமா? நான் காதுலயே வாங்கலையேம்மா. மழை விடுற வரைக்கும் ஓடைப் பக்கத்து அறையில உட்கார்ந்துக்கிறேன்னு கேட்டேன். எதுக்கு வந்தீங்கன்னு உங்க தலைமையாசிரியர் கேட்கவே இல்ல."

"எதுக்கு சார் வந்தீங்க?"

அவர் சுவரை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

"சுரங்கம் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வருதும்மா. இதை இடிக்கச் சின்ன எந்திரமே போதுமான்னு பார்க்க வந்தேன்."